வெட்டியது எது, தள்ளிவிட்டது எது: கனடாவின் பட்ஜெட் பற்றாக்குறை, 1993–1998

அரசின் வரவு செலவில் துண்டு விழுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். அந்தத் துண்டை நான்கே ஆண்டுகளில் முழுதாக அடைத்த நாடுகள் அதிகம் இல்லை. கனடாவின் கூட்டரசு (மத்திய அரசு) 1993-94இல் 4,200 கோடி டாலர் பற்றாக்குறையில் நின்றது. 1997-98இல் 350 கோடி டாலர் உபரி காட்டியது. பற்றாக்குறையைக் குறைக்க நினைக்கும் அரசுகள் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு இது. ஆனால் சொல்லப்படும் கதை பெரும்பாலும் பாதிதான்: துணிந்து வெட்டினார்கள், சரியாகிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள்.

இங்கே ஆட்களின் பெயர்கள் இல்லை, பதவிகளே போதும். பணம் எல்லாம் கனேடிய டாலரில். எண்கள் அந்தந்த ஆண்டுக் கணக்கில் அப்போது வெளியானவை. பிற்பாடு கணக்கு முறை மாறியதால் திருத்திய எண்கள் சற்று வேறுபடும்.

பின்னணி

கூட்டரசு கடைசியாக உபரி கண்டது 1969-70இல். அதன் பிறகு வந்த எல்லா அரசுகளும் கடன் வாங்கியே ஓட்டின. 1984இல் ஆட்சிக்கு வந்த கட்சி இதை நிறுத்தப் பார்த்தது. மறு ஆண்டு பட்ஜெட்டில், விலைவாசிக்கு ஏற்ப முதியோர் ஓய்வூதியம் முழுமையாக உயர்வதைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு மூதாட்டி பிரதமரை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டார். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சில நாட்களில் திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

அதோடு பெரிய வெட்டுகளுக்கான துணிவும் போய்விட்டது. அடுத்த ஆண்டுகளில் எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார்கள். வருமான வரி வரம்புகளை விலைவாசியோடு முழுமையாக உயர்த்துவதை 1986இலேயே நிறுத்தியிருந்தார்கள். பணவீக்கம் 3 விழுக்காட்டைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமே வரம்பு உயரும். சம்பளம் விலைவாசிக்குச் சமமாக உயர்ந்தாலே போதும், வரி கூடிவிடும். யாரும் தெருவுக்கு வரவில்லை, ஏனென்றால் யாருக்கும் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்ட வரி 1991 ஜனவரியில் வந்த 7 விழுக்காட்டு சரக்கு சேவை வரி. உற்பத்தியாளர்களிடம் மறைவாக வசூலான 13.5 விழுக்காட்டு வரிக்குப் பதிலாக வந்தது அது. பொருளாதார ரீதியில் நல்ல மாற்றம்தான். ஆனால் ரசீதில் தெரிந்ததால் மக்கள் வெறுத்தார்கள்.

இத்தனைக்கும் 1987-88 முதல் சில ஆண்டுகள் வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் கூட்டரசின் வரவு செலவைவிட அதிகமாகவே இருந்தது. அதாவது அன்றாடச் செலவுக்கு வரிப் பணம் போதும். பழைய கடனுக்கான வட்டிதான் மொத்தக் கணக்கையும் கவிழ்த்தது. கடனுக்குக் கொடுக்கும் வட்டி விகிதம் பொருளாதாரம் வளரும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை, சிறிய உபரி எதையும் தீர்க்காது. கடன் நாட்டின் வருமானத்தை முந்திக்கொண்டு வளர்ந்தபடியே இருக்கும். 1990இல் குறுகிய கால வட்டி 13 விழுக்காட்டைத் தாண்டியது. பின்னாலேயே மந்தநிலை வந்து வரி வசூலை இறக்கியது, வேலையின்மை 11 விழுக்காட்டுக்கு மேல் போனது.

1993-94 கணக்கு இது: வரவு சுமார் 11,600 கோடி, திட்டச் செலவு (வட்டி தவிர்த்த எல்லாச் செலவும்) 12,000 கோடி, வட்டி 3,800 கோடி. வசூலான மூன்று டாலரில் ஒரு டாலர் வட்டிக்கே போனது. மொத்தக் கடன் 50,000 கோடி டாலரை எட்டியிருந்தது.

1993 அக்டோபர் தேர்தலில் ஆளும் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. புதிதாக வந்த கட்சி தந்த வாக்குறுதி, மூன்றாவது ஆண்டில் பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது. உபரி என்ற பேச்சே அப்போது இல்லை.

1994: கவனத்துக்கு வந்தவை

புதிய அரசின் முதல் பட்ஜெட் 1994 பிப்ரவரியில் வந்தது. ராணுவச் செலவில் வெட்டு, சில ராணுவத் தளங்களை மூடுவது, வேலையின்மைக் காப்பீட்டில் குறைப்பு என்று இருந்தாலும் சந்தை அதை மென்மையானது என்றே எடைபோட்டது. அதே மாதம் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. ஓராண்டில் அங்கே 3 விழுக்காடாக இருந்த வட்டி 6 ஆனது. கனடாவின் பத்தாண்டுப் பத்திர வட்டியும் ஏறி ஆண்டு முடிவில் 9 விழுக்காட்டைத் தொட்டது. புதுக் கடன் மட்டுமல்ல, முதிர்ந்து புதுப்பிக்கப்படும் பழைய கடனும் இந்த விலைக்குத்தான். பட்ஜெட்டில் மிச்சம் பிடித்ததை வட்டி உயர்வு விழுங்கிக்கொண்டிருந்தது.

நிதித்துறை அதிகாரிகளைச் சங்கடப்படுத்திய இன்னொரு விஷயம் அவர்களுடைய சொந்தக் கணிப்புகள். 1993 ஏப்ரலில் பழைய அரசு 1993-94 பற்றாக்குறை 3,260 கோடியாக இருக்கும் என்றது. முடிந்தது 4,200 கோடியில். இப்படி ஒருமுறை தவறினால் விபத்து எனலாம். ஆண்டுதோறும் தவறி, ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகவே தவறினால் அந்தக் கணிப்பில் ஆசை கலந்திருக்கிறது என்று பொருள். கடன் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. அரசு எந்த எண்ணைச் சொன்னாலும் அதன்மேல் தாங்களாகவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, அதற்கும் ஒரு வட்டி கேட்டார்கள்.

1994 டிசம்பரில் மெக்சிகோவின் நாணயம் சரிந்தது. அடுத்து யார் என்று முதலீட்டாளர்கள் சுற்றிப் பார்த்தபோது, பாதுகாப்பான நாடு என்று பேர் வாங்கிய கனடாவின் மேலும் கண் விழுந்தது. 1995 ஜனவரியில் ஒரு பெரிய அமெரிக்க நாளிதழின் தலையங்கம் கனடாவை மூன்றாம் உலக நாடுகளோடு ஒப்பிட்டது. பிப்ரவரியில், பட்ஜெட்டுக்குச் சில நாட்கள் முன், ஒரு கடன் தர நிறுவனம் கனடாவின் தரத்தை மறுபரிசீலனைக்கு எடுத்தது.

இதெல்லாம் அரசியல் ரீதியில் உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாண்டுக்கு முன் பற்றாக்குறை நிதித்துறையின் கவலை மட்டுமே. 1995 தொடக்கத்தில் மக்களில் பெரும்பகுதிக்கு அது சொந்தக் கவலை ஆகிவிட்டது. மாகாண அரசுகளில் சில, வலதும் இடதுமாக, ஏற்கனவே வெட்டத் தொடங்கி மக்களைப் பழக்கியிருந்தன. நாடாளுமன்றத்திலும் எதிர்ப்பின் ஒரு பகுதி இன்னும் வெட்டச் சொல்லித்தான் வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, எல்லாத் துறைக்கும் ஒரே அளவில் வெட்டும் பழைய வழியைக் கைவிட்டது. அப்படி வெட்டினால் உருப்படியான திட்டமும் உதவாத திட்டமும் ஒரே அளவு மெலியும். எதுவும் மூடப்படாது. வசதி வந்ததும் எல்லாமே பழைய எடைக்குத் திரும்பும்.

அதற்குப் பதிலாக 1994இல் திட்ட ஆய்வு ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு துறையும் தன் திட்டங்களை ஆறு கேள்விகளின் முன் நிறுத்த வேண்டும். இது இன்னும் பொதுநலனுக்கு உதவுகிறதா? இதை அரசுதான் செய்ய வேண்டுமா? கூட்டரசு செய்ய வேண்டியதா, மாகாணம் செய்யலாமா? தனியாரோ தன்னார்வ அமைப்போ எடுத்துக்கொள்ள முடியுமா? தொடர்வதென்றால் இன்னும் திறமையாகச் செய்ய வழி உண்டா? கடைசியாக, இதற்கெல்லாம் கையில் பணம் இருக்கிறதா?

கேள்விகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கேள்விகளை மட்டும் கொடுத்திருந்தால் எல்லாத் துறையும் எல்லாவற்றுக்கும் ஆம் என்று எழுதி அனுப்பியிருக்கும். நிதித்துறை ஒவ்வொரு அமைச்சருக்கும் ஒரு இலக்கு எண்ணையும் கூடவே கொடுத்தது. சிலருக்கு ஒற்றை இலக்க விழுக்காடு, சிலருக்குப் பாதி. எங்கே வெட்டுவது என்பதைத் துறையே எழுதிக்கொண்டு வர வேண்டும், மூத்த அமைச்சர்கள் குழு பரிசீலிக்கும். வலி யாருக்கு எவ்வளவு என்பது மேலிருந்து வந்தது, எந்த விரலை என்பது கீழிருந்து வந்தது. தன் துறையை அறிந்தவர்களே பட்டியல் போட்டதால், வெளியிலிருந்து வந்த கணக்குப்பிள்ளை ஒன்றும் தெரியாமல் வெட்டினார் என்ற புகாருக்கு இடமில்லாமல் போனது.

அமைச்சர்கள் பிரதமரிடம் முறையிடாமலா இருப்பார்கள்? அமைச்சரவைக் கூட்டம் ஒன்றில், புதிதாகப் பணம் கேட்கும் அடுத்த அமைச்சரின் துறையில் 20 விழுக்காடு வெட்டிவிடுவேன் என்று பிரதமர் சொன்னதாக ஒரு கதை உண்டு. வார்த்தை அப்படியேதானா என்பது முக்கியமில்லை. நிதியமைச்சருக்குப் பின்னால் பிரதமர் நகராமல் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் பார்வையில் ஆறு கேள்விகளைவிட வேலை செய்தது இதுதான்.

1995 பிப்ரவரி 27 பட்ஜெட் மூன்றாண்டில் 2,900 கோடி டாலர் அளவுக்கு நடவடிக்கைகளை அறிவித்தது. புது வரியில் ஒரு டாலர் என்றால் செலவுக் குறைப்பில் ஏறத்தாழ ஏழு டாலர். தனிநபர் வருமான வரி விகிதம் கூடவில்லை. பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஒன்றரை சென்ட், பெரிய நிறுவனங்கள் மீதும் வங்கிகள் மீதும் கொஞ்சம் கூடுதல் வரி, அவ்வளவுதான். அரசு வேலைகளில் 45,000 இடங்கள் குறையும் என்றது; சுமார் 14 விழுக்காடு. பெரும்பாலும் முன்கூட்டிய ஓய்வும் விலகல் தொகையும் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு.

அதிகம் அடிபட்ட துறைகளில் ஒன்று போக்குவரத்து. அதன் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்தத் துறையை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. நாடு முழுவதும் விமான நிலையங்களை அரசே நடத்திக்கொண்டிருந்தது. முக்கியமானவற்றை உள்ளூர் அமைப்புகளிடம் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. நிலம் அரசிடமே இருந்தது, வாடகையும் வந்தது. வான்வழிக் கட்டுப்பாட்டை 1996 நவம்பரில் லாப நோக்கமற்ற தனி அமைப்பு ஒன்றுக்கு 150 கோடி டாலருக்குக் கைமாற்றியது. அதுவரை பயணச்சீட்டு வரியில் நடந்த வேலை, விமான நிறுவனங்கள் தரும் கட்டணத்தில் நடக்கத் தொடங்கியது. அரசு ரயில் நிறுவனம் 1995 நவம்பரில் பங்குச் சந்தைக்குப் போய்ச் சுமார் 220 கோடி டாலர் ஈட்டியது.

மேற்கு மாகாணத் தானியத்தை ரயிலில் கொண்டுபோகக் கொடுத்த மானியமும் அதே அடியில் போனது. 1897இல் ஒரு ரயில் ஒப்பந்தத்தில் வேர்விட்ட சலுகை அது. ஆண்டுக்கு 56 கோடி டாலர். 1995 ஆகஸ்டில் நிறுத்தியபோது நில உரிமையாளர்களுக்கு ஒரே தடவையாக 160 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். மிச்சம் பிடிக்க வந்த அரசு கைநிறையக் கொடுத்ததே என்று தோன்றலாம். மூன்றாண்டு மானியத்துக்கும் குறைவான தொகையில் ஒரு நூற்றாண்டுச் சண்டை முடிந்தது என்றும் பார்க்கலாம். புது உலக வர்த்தக விதிகள் ஏற்றுமதி மானியத்தைக் கட்டுப்படுத்தியதும் கைகொடுத்தது.

இனி மாகாணங்கள். மருத்துவமும் உயர்கல்வியும் சமூக உதவியும் மாகாணங்களின் பொறுப்பு. கூட்டரசு அவற்றுக்குப் பணம் அனுப்பும். 1996 ஏப்ரல் முதல் தனித்தனி உதவிகளை ஒரே தொகுப்பாக்கி, ரொக்கத்தை வெட்டினார்கள். சுமார் 1,850 கோடியாக இருந்தது 1,250 கோடிக்கு இறங்கியது. பதிலுக்கு, சமூக உதவியில் கூட்டரசு வைத்திருந்த நிபந்தனைகள் தளர்ந்தன. பணமும் குறைவு, கட்டளையும் குறைவு என்ற பேரம். இதற்கு அந்த ஆறு கேள்விகள் கேட்கப்படவே இல்லை. மருத்துவமனைகள் தேவையில்லை என்று யாரும் முடிவு செய்யவில்லை. பில் வேறு மேசைக்குப் போனது, அவ்வளவே.

கணிப்பு விஷயத்தில் செய்த மாற்றம் சத்தமில்லாதது. தனியார் பொருளாதார வல்லுநர்களின் கணிப்புச் சராசரியை எடுத்து, அதையும் வேண்டுமென்றே மோசமாக்கி, வட்டி இன்னும் கொஞ்சம் அதிகம் என்று வைத்து பட்ஜெட் போட்டார்கள். மேலே 250 கோடி டாலர் அவசரக் கையிருப்பு. அதைப் புதுத் திட்டத்துக்குத் தொடக்கூடாது, தேவைப்படாவிட்டால் பற்றாக்குறையைக் குறைக்கவே போகும். ஐந்தாண்டுக் கனவுக்குப் பதில் இரண்டாண்டு இலக்கு. ஐந்தாண்டு இலக்கை வைப்பவர் ஐந்தாம் ஆண்டில் பதவியில் இருக்கமாட்டார். இரண்டாண்டு இலக்கில் அந்த வசதி இல்லை. என்ன ஆனாலும் எட்டியே தீருவோம் என்று நிதியமைச்சர் பகிரங்கமாகச் சொல்லி, பின்வாங்கும் வழியைத் தானே அடைத்துக்கொண்டார்.

பின் நடந்தவை

1995 ஏப்ரலில் தர நிறுவனம் எப்படியும் தரத்தைக் குறைத்தது. பட்ஜெட் போட்ட இரண்டே மாதத்தில் இப்படி ஒரு அடி. அக்டோபர் இறுதியில், பிரிந்துபோவது குறித்து கியூபெக் மாகாணம் நடத்திய பொதுவாக்கெடுப்பில் நாடு பிளவுபடாமல் தப்பியது மயிரிழையில். அதற்குப் பிறகுதான் நிலைமை இலகுவானது.

பற்றாக்குறை 1994-95இல் 3,750 கோடி, 1995-96இல் 2,860 கோடி, 1996-97இல் 890 கோடி, அடுத்த ஆண்டு உபரி. ஒவ்வொரு ஆண்டும் சொன்னதைவிட நன்றாக முடிந்தது. சொன்னதே மோசமாகச் சொன்னதால் அது நடந்தது. ஆனாலும் கடன் கொடுப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் பிடித்திருந்தது. குறுகிய கால வட்டி 1995 தொடக்கத்தில் 8 விழுக்காட்டை ஒட்டியிருந்தது, 1996 முடிவில் சுமார் 3க்கு வந்தது. உபரி 2007-08 வரை பதினோரு ஆண்டுகள் தொடர்ந்தது.

இப்போது கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1993-94க்கும் 1997-98க்கும் இடையில் நிலைமை மேம்பட்டது சுமார் 4,550 கோடி. வரவு 11,600இலிருந்து 15,300 கோடிக்கு ஏறியது. திட்டச் செலவு 12,000இலிருந்து சுமார் 10,900 கோடிக்கு இறங்கியது. வட்டிச் செலவு சற்றுக் கூடவே செய்தது. டாலராக எண்ணினால் ஐந்தில் நான்கு பங்கு வேலையைச் செய்தது வரவு. ஏழுக்கு ஒன்று என்று பட்ஜெட் உரையில் கேட்டதற்கு நேர் எதிரான படம்.

இரண்டும் பொய்யில்லை. நாட்டு உற்பத்தியின் பங்காகப் பார்த்தால் திட்டச் செலவு பதினாறரை விழுக்காட்டிலிருந்து பன்னிரண்டை ஒட்டி இறங்கியது, வரவு ஒன்றரைப் புள்ளி அளவே கூடியது. பொருளாதாரம் வளர்ந்தபோது வழக்கமாகச் செலவும் கூடவே வளரும். இங்கே செலவைப் பிடித்து நிறுத்தினார்கள், வரவு மட்டும் ஓடியது. வெட்டாமல் வளர்ச்சியை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது. வளர்ச்சி இல்லாமல் வெட்டியிருந்தாலும் நடந்திருக்காது.

அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது? அமெரிக்கா செழித்துக்கொண்டிருந்தது. 1994 ஜனவரியில் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. கனேடிய டாலர் 72 அமெரிக்க சென்ட் அளவுக்கு மலிந்திருந்தது. அரசு செலவைச் சுருக்கியதால் உள்நாட்டில் விழுந்த பள்ளத்தை ஏற்றுமதி நிரப்பியது. 1986இலிருந்து சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வரி வரம்பு ஏற்பாடும் பின்னணியில் சம்பாதித்துக் கொடுத்தது. எல்லா அண்டை நாடுகளும் ஒரே நேரத்தில் செலவைச் சுருக்கும் காலத்தில் இன்னொரு நாடு இதே பட்ஜெட்டைப் போட்டால் இதே முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

யார் சுமந்தார்கள்

வேலையின்மைக் காப்பீடு 1996இல் புதுப் பெயரும் கடுமையான தகுதி விதிகளும் பெற்றது. தொழிலாளரும் முதலாளிகளும் செலுத்திய சந்தா, கொடுத்த உதவியைவிடப் பல ஆண்டுகள் அதிகமாக இருந்தது. சேர்ந்த உபரி காலப்போக்கில் 5,000 கோடி டாலரைத் தாண்டியது, எல்லாம் அரசின் பொதுக் கணக்கில். வேலையில்லாதவர்களில் உதவி பெற்றோர் பாதிக்கும் கீழே இறங்கினார்கள். பருவ வேலையை நம்பிய கிழக்குக் கடலோர மாகாணங்கள் 1997 தேர்தலில் பதில் சொன்னன. நோவா ஸ்கோஷியாவில் ஆளும் கட்சி பதினொரு இடங்களில் ஒன்றைக்கூடப் பெறவில்லை. காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியபோது அத்துறையை வைத்திருந்த அமைச்சர் பக்கத்து மாகாணத்தில் தன் தொகுதியிலேயே தோற்றார். ஆட்சி மட்டும் மெல்லிய பெரும்பான்மையோடு தப்பியது.

மாகாணங்கள் தங்களுக்கு வந்த வெட்டை அப்படியே கீழே இறக்கின. மருத்துவமனைகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. சில பொறுப்புகள் நகராட்சிகளின் தலையில் விழுந்தன. உபரி வந்ததும் மாகாணங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டன. 2000 செப்டம்பரில் ஐந்தாண்டுக்கு 2,000 கோடிக்கு மேல் கொடுக்க ஒப்பந்தமானது. 2004இல் பத்தாண்டுக்கு மேலும் 4,100 கோடி.

விமான நிலையங்களையும் ரயிலையும் தானிய மானியத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அரசிடம் யாரும் அவ்வளவு அழுத்திக் கேட்கவில்லை. அந்த வேலைகளைச் செய்ய வேறு ஆள் கிடைத்துவிட்டார், அல்லது வேலையே முடிந்துவிட்டது. மாகாண உதவி அப்படியல்ல. தேவை அங்கேயே இருந்தது, எட்டு ஆண்டில் வட்டியோடு திரும்பி வந்தது.

மறுபடி செய்வதென்றால்

வரிசையை மாற்றுவேன். கூட்டரசு தன் வேலைகளில் எவற்றை விட்டு வெளியேறலாம் என்பதை முதலில் முழுமையாக முடித்துவிட்டு, பிறகே மாகாண உதவிக்குப் போக வேண்டும். போனாலும் மூன்று நான்கு ஆண்டு முன்னறிவிப்போடு. 1995 பிப்ரவரியில் அறிவித்து 1996 ஏப்ரலில் வெட்டினால், ஒரு மருத்துவ அமைப்பைத் திருத்தி அமைக்க நேரம் இல்லை. கட்டிலைக் குறைக்கத்தான் நேரம் இருக்கும்.

கணிப்பில் வைத்த எச்சரிக்கையை அப்படியே வைத்துக்கொள்வேன், ஆனால் ஒரு எல்லையோடு. பற்றாக்குறை மறைந்த பிறகும் நிதித்துறை ஆண்டுதோறும் எதிர்பார்த்ததைவிட அதிக உபரி காட்டியது. நெருக்கடியில் நம்பிக்கையைச் சம்பாதித்த அதே பழக்கம், பிறகு எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் வைக்கும் வழியாகிப் போனது. 2006இல் சட்டம் இயற்றி 2008இல் தனி பட்ஜெட் அதிகாரியை நியமித்ததன் பின்னணியில் இந்த எரிச்சலும் இருந்தது.

காப்பீட்டுச் சந்தாவைப் பொதுக் கணக்கில் சேர்க்காமல் தனியே காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டியிருந்தால் உபரி வரும் ஆண்டு தள்ளிப்போயிருக்கலாம், ஆனால் எவ்வளவு செலவுக் குறைப்பு, எவ்வளவு சம்பளத்தின் மீதான வரி என்பது அப்போதே தெரிந்திருக்கும். தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், 2002, 2003, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்தச் சந்தா முறையான சட்ட அதிகாரம் இல்லாமல் வசூலிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அந்தப் பணம் எப்போதோ செலவாகிவிட்டிருந்தது.